ஊசி யார் கையில்?

போன மாதம் ஒரு கூட்டம். மாணவர்கள் கூட்டியது. உயர்கல்வி நிறுவனங்களில் தற்கொலைக்குத் தள்ளப்பட்ட நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு. பேச வந்தவர்களில் மனநல மருத்துவர் ஒருவரும் இருந்தார். நல்ல மனிதர்தான், முற்போக்கானவர்தான். கடைசியில் அவர் இப்படி முடித்தார்: "மனச்சோர்வு மூளையில் வரும் நோய். மருந்து சாதி பார்ப்பதில்லை. அமெரிக்காவில் கெட்டமின் கொடுக்கிறார்கள். சாக வேண்டும் என்று நினைப்பவனைச் சில மணி நேரத்தில் மீட்டுவிடுகிறது. அது இங்கே வந்தால் பாதிச் சாவு நின்றுவிடும். தயவுசெய்து இதில் அரசியலைக் கலக்காதீர்கள்." கைதட்டல்.

அவர் உட்கார்ந்ததும் நம்ம தோழர் ஒருவர் எழுந்தார். "டிப்ரஷன் எல்லாம் ஏசி ரூம்ல ஒக்காந்திருக்கிறவனுக்கு வர்ற நோய் தோழர். சேரியில எவனுக்குய்யா டிப்ரஷன்? போராட்டந்தான் நமக்கு மருந்து" என்றார். அதற்கும் கைதட்டல்.

இரண்டு பேச்சுக்கும் கைதட்டியது ஒரே கூட்டம். அதுதான் எனக்கு உறுத்தியது. ஒருவர் மருந்துக்குச் சாதி இல்லை என்கிறார். இன்னொருவர் சாதியால் அடிபட்டவனுக்கு மருந்தே தேவையில்லை என்கிறார். ஒன்றுக்கொன்று எதிரான பேச்சாகத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: மருத்துவம் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு புனிதப் பிரதேசம். இந்த இரண்டு கைதட்டலையும் மறுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவர் அமெரிக்காவைக் காட்டினார். சரி, அமெரிக்காவுக்கே போவோம். அதில் ஒரே ஒரு மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கொலராடோ. நமக்கும் கொலராடோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா. சபைக்குக் கொடுக்கும் மனுவைப் பற்றி விசாரித்து எழுதிய கடிதம் அது. 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்தபோது கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவு நமக்குப் பழசு. அவர்கள் உடம்பில் நடப்பதைப் பார்த்து நம் உடம்பில் நடப்பதைப் புரிந்துகொள்வதும் பழசு.

1

முதலில் மருந்தின் கதை. கெட்டமின் ஒன்றும் நேற்று வந்த அற்புதமல்ல. 1962இல் பார்க் டேவிஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டது. 1964இல் முதன்முதலாக மனித உடம்பில் செலுத்திப் பார்த்தார்கள். யார் உடம்பில்? டாக்டர் உடம்பிலா, கம்பெனி முதலாளி உடம்பிலா? மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் சிறையில் இருந்த கைதிகளின் உடம்பில். 1970இல் மயக்க மருந்தாக அமெரிக்க அரசு அனுமதித்தது. வியட்நாம் போர்க்களத்தில் கைகால் பிய்ந்த சிப்பாய்களுக்கு அதைப் போட்டார்கள்.

அப்புறம் அது ஏழை நாடுகளின் மருந்தாயிற்று. காரணம் எளிது. விலை குறைவு. மற்ற மயக்க மருந்துகளைப்போல மூச்சைச் சட்டென்று அமுக்காது. கரண்ட் இல்லாத ஊரில், மயக்க மருத்துவர் இல்லாத ஆஸ்பத்திரியில், பெரிய எந்திரங்கள் இல்லாமலே இதை வைத்து அறுவை செய்யலாம். 1985இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2015இல் இதைச் சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சீனா கேட்டபோது, உலக சுகாதார நிறுவனம் எதிர்த்தது. அப்படிச் செய்தால் ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சையே நின்றுபோகும் என்பதுதான் வாதம். ஆக, இது கூலிக்காரனின் மருந்து, வயக்காட்டு ஆஸ்பத்திரியின் மருந்து.

2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். மயக்கத்துக்குத் தரும் அளவைவிட மிகக் குறைவாக, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம், நாற்பது நிமிடம் நரம்பில் மெல்ல ஏற்றினால், மனச்சோர்வு சில மணி நேரத்திலேயே குறைகிறது. வழக்கமான மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இது நிஜமான கண்டுபிடிப்பு. இதை நான் கேலி செய்யவில்லை. சாவின் விளிம்பில் நிற்கிறவனுக்குச் சில மணி நேரம் என்பது பெரிய விஷயம். ஆனால் பலன் நீண்ட நாள் நிற்பதில்லை. சில நாட்களில், சில வாரங்களில் தேய்ந்துபோகும். திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். திரும்பத் திரும்ப என்றால் திரும்பத் திரும்பக் காசு. கூலிக்காரனின் மருந்து சீமான் வீட்டு மருந்தாக மாறிய கதை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

2

கொலராடோவில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?

கெட்டமினுக்கு மயக்க மருந்தாகத்தான் அனுமதி. மனச்சோர்வுக்கு அனுமதி இல்லை. ஆனால் அனுமதித்த காரணத்தை விட்டு வேறு காரணத்துக்கு எழுதிக்கொடுக்க அமெரிக்க டாக்டருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அந்தச் சந்தில் புகுந்துதான் தனியார் கிளினிக்குகள் முளைத்தன. சாய்வு நாற்காலி, கண்ணுக்குத் துணிக்கட்டு, காதில் மெல்லிய இசை, மங்கலான விளக்கு. அனுமதியில்லாத காரணத்துக்குத் தருவதால் காப்பீட்டுக் கம்பெனிகள் பொதுவாகப் பணம் தருவதில்லை. நோயாளியே கட்ட வேண்டும். ஒரு முறைக்கு 400 முதல் 800 டாலர் என்பது அமெரிக்காவில் சாதாரணமாகச் சொல்லப்படும் விலை. முதல் சுற்றுக்கு ஆறு முறை. உள்ளே போகிற மருந்தின் விலை என்ன? பேட்டன்ட் எப்போதோ முடிந்துபோன மருந்து. ஒரு குப்பி சில டாலர்தான். 2023இல் நடிகர் மேத்யூ பெரி இறந்த வழக்கின் குற்றப்பத்திரிகையைப் பாருங்கள். ஏறத்தாழ 12 டாலருக்கு வாங்கிய குப்பியை ஒரு டாக்டர் 2000 டாலருக்கு விற்றிருக்கிறான். அது கள்ளச் சந்தை, கலிபோர்னியாவில் நடந்தது. ஆனால் சந்தையின் புத்தி ஒன்றுதான்.

வங்கியில் வேலை பார்ப்பவன் நான். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு முறைக்கு 500 டாலர் என்று வைத்தால் ஆறு முறைக்கு 3000 டாலர். 2025இல் கொலராடோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.81 டாலர். 3000 டாலர் சம்பாதிக்க இருநூறு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். அதாவது ஐந்து வாரம், சாப்பிடாமல், வாடகை கட்டாமல், பிள்ளைக்குப் பால் வாங்காமல். காலையில் கட்டிலை விட்டு எழ முடியாத நோய்க்கு மருந்து வாங்க ஐந்து வாரம் முழுசாக உழைக்கச் சொல்கிற மருத்துவம்!

காப்பீடு தருகிற மருந்தும் ஒன்று உண்டு என்பார்கள். உண்டு. கெட்டமின் மூலக்கூறு நம் இரண்டு கைகளைப்போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்களின் கலவை. அதில் ஒரு கையை மட்டும் தனியே பிரித்து, மூக்கில் அடிக்கும் மருந்தாக்கி, எஸ்கெட்டமின் என்று பேர் வைத்து, 2019 மார்ச்சில் மனச்சோர்வுக்கென்றே அனுமதி வாங்கினார்கள். ஸ்ப்ரவாட்டோ என்று விற்கிறார்கள். அறிமுகமானபோது கம்பெனி போட்ட விலை ஒரு முறைக்கு 590 முதல் 885 டாலர். முதல் மாதத்துக்கு மட்டும் 4720 முதல் 6785 டாலர். இரண்டு கையும் சேர்ந்திருந்தால் சல்லிக்காசு, ஒரு கையை வெட்டி எடுத்தால் பவுன் விலை! காப்பீடு தருவதும் சும்மா இல்லை. ஏற்கெனவே வேறு மருந்துகள் தின்று தோற்றதைக் காட்ட வேண்டும், முன் அனுமதி வாங்க வேண்டும், பதிவு பெற்ற இடத்துக்குப் போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மறுநாள் வரை வண்டி ஓட்டக் கூடாது. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை.

வாரத்துக்கு இரண்டு நாள் லீவு யாருக்குக் கிடைக்கும்? கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவர ஆள் யாருக்கு இருக்கும்? கிளினிக்குகள் டென்வர், போல்டர் போன்ற காசுள்ள நகரங்களில் குவிந்து கிடக்கின்றன. மெக்சிகோ வம்சாவளி ஏழைகள் நிறைந்த தெற்குக் கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கிலிருந்து டென்வருக்கு வரவேண்டுமானால் ஏறத்தாழ 370 கிலோமீட்டர். தென்மேற்கு மூலையில் யூட் பழங்குடிகளின் நிலம். அவர்களுக்கு இன்னும் தூரம். அங்கே மலையை ரசிக்கப் போகிறவனுக்குத் தூரம் சுகம். மருந்துக்கு வருகிறவனுக்குத் தூரம் தண்டனை.

மருந்து சாதி பார்ப்பதில்லை என்றாரே, உண்மைதான். மருந்துக்குக் கண் கிடையாது. பில் போடுகிறவனுக்குக் கண் இருக்கு.

3

இது பாதிக் கதைதான். ஏழைக்கு மருந்து எட்டவில்லை என்று நிறுத்தினால் அது வெறும் இரங்கல் பா. கொலராடோவில் ஒரு கறுப்பனுக்கு இதே கெட்டமின் இலவசமாகக் கிடைத்தது. சாய்வு நாற்காலி இல்லை. இசை இல்லை. கேட்கவும் இல்லை.

2019 ஆகஸ்ட் 24. டென்வருக்குப் பக்கத்து நகரம் அரோரா. எலைஜா மெக்ளெய்ன் என்ற 23 வயது இளைஞன். மசாஜ் தொழில் செய்தவன். காப்பகத்தில் அடைபட்டிருக்கும் பூனைகளுக்கு வயலின் வாசித்தவன். ராத்திரி கடைக்குப் போய்க் குளிர்ந்த தேநீர் வாங்கிக்கொண்டு நடந்து வருகிறான். முகத்தை மூடியிருந்தான். எவனோ ஒருவன் போலீசுக்குப் போன் செய்கிறான், ஆள் சந்தேகப்படும்படி இருக்கிறான் என்று. குற்றம் எதையும் அவன் செய்யவில்லை. போலீஸ் பிடிக்கிறது. கழுத்தின் இரத்தக் குழாயை நெரிக்கும் பிடி போடுகிறது. தரையில் அமுக்குகிறது. மூச்சு விட முடியவில்லை என்கிறான். நான் யாரோடும் சேராமல் ஒதுங்கி வாழ்கிறவன், என் எல்லையை மதியுங்கள் என்று கெஞ்சுகிறான். வாந்தி எடுக்கிறான். வாந்தி எடுத்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறான்.

அவசர மருத்துவ உதவியாளர்கள் வருகிறார்கள். நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "கிளர்ச்சிச் சித்தப்பிரமை" என்று தீர்மானித்து 500 மில்லிகிராம் கெட்டமினைத் தசையில் ஏற்றுகிறார்கள். மாரடைத்துப்போனான். ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, உயிர்காக்கும் எந்திரங்களை எடுத்துவிட்டார்கள்.

இங்கேயும் கணக்குப் போடுவோம். எலைஜாவின் எடை 65 கிலோ. அவனே மனச்சோர்வென்று டென்வரில் ஒரு கிளினிக்குக்குப் பணம் கட்டிக்கொண்டு போயிருந்தால் எவ்வளவு ஏற்றியிருப்பார்கள்? கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் சுமார் 33 மில்லிகிராம், நாற்பது நிமிடத்துக்கு, சொட்டுச் சொட்டாக. தெருவில் அவனுக்குப் போட்டது அதைப்போலப் பதினைந்து மடங்கு. நரம்பில் ஏற்றுவதும் தசையில் ஏற்றுவதும் வேறு, மனச்சோர்வும் அடக்குவதும் வேறு என்று டாக்டர்கள் சொல்வார்கள். சரி. அடக்குவதற்கென்று அவர்களே வைத்திருந்த கணக்குப்படியும் அந்த எடைக்குச் சுமார் 325 மில்லிகிராம்தான் தர வேண்டும். அவன் ஏறத்தாழ 90 கிலோ இருப்பான் என்று கண்ணால் மதிப்பிட்டார்களாம். கறுப்பு உடம்பை வெள்ளை அதிகாரம் பார்த்தால் எப்போதும் அது இருப்பதைவிடப் பெரிசாகத்தான் தெரியும். நம்ம பையன் ஒருத்தன் நிமிர்ந்து நடந்தால் ஊர்க்காரன் கண்ணுக்கு அவன் பத்துப் பேராகத் தெரிவதில்லையா?

முதலில் சாவுக்குக் காரணம் தெரியவில்லை என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை கொடுத்தார்கள். வழக்கு மூடப்பட்டது. 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு மக்கள் தெருவுக்கு வந்தபோதுதான் மறுபடி திறந்தது. அந்த ஜூனில் அரோராவில் எலைஜாவுக்காக வயலின் வாசித்து அஞ்சலி செலுத்த ஜனங்கள் கூடினார்கள். வயலின் வாசித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் மிளகுப்புகை அடித்துக் கலைத்தது. தாய் ஷெனீன் மெக்ளெய்ன் விடவில்லை. திருத்திய அறிக்கை 2022இல் வெளிவந்தது: பலவந்தமாக அமுக்கியபின் செலுத்திய கெட்டமினால் சாவு. 2023இல் ஒரு போலீஸ்காரனும் இரண்டு மருத்துவ உதவியாளர்களும் தண்டிக்கப்பட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் விடுதலை. உதவியாளர்களில் ஒருவருக்கு 2024 மார்ச்சில் ஐந்து வருடச் சிறை. அதே செப்டம்பரில் நீதிபதி அதை நன்னடத்தைக் கண்காணிப்பாக மாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

4

"கிளர்ச்சிச் சித்தப்பிரமை" என்றால் என்ன? 1980களில் மயாமி நகரத்துப் பிரேதப் பரிசோதகர் சார்லஸ் வெட்லி பரப்பிய நோய்ப் பெயர். அவரே அங்கே செத்துக் கிடந்த கறுப்பினப் பெண்கள் பலரைப் பார்த்து, கொக்கெயினும் உடலுறவும் சேர்ந்ததால் செத்தார்கள் என்று எழுதினார். பிறகு மறுபடி பரிசோதித்தால், அந்தப் பெண்கள் மூச்சை நெரித்துக் கொல்லப்பட்டவர்கள். கொலைகாரன் தெருவில் திரிந்துகொண்டிருந்தான். அறிவியல் அவனுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பெயர் அதற்குப் பிறகும் நாற்பது வருடம் ஓடியது. போலீஸ் பிடியில் ஒரு கறுப்பன் செத்தால் சான்றிதழில் எழுத ஒரு நோய் தயாராக இருந்தது. 2021இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை எதிர்த்தது. 2009இல் இந்த நோயை ஆதரித்து அறிக்கை எழுதிய அவசர மருத்துவர்கள் கல்லூரி 2023இல் அதைத் திரும்பப் பெற்றது. கொலராடோவில் 2021இல் ஒரு சட்டம் வந்தது, மருத்துவ உதவியாளருக்குக் கெட்டமின் போடச் சொல்லிப் போலீஸ் உத்தரவிடக் கூடாது என்று. 2024இல் அந்த நோய்ப் பெயரைப் பயிற்சியிலிருந்தும் சாவுச் சான்றிதழிலிருந்தும் நீக்க இன்னொரு சட்டம் வந்தது. இதையெல்லாம் அறிவியல் தானாகத் திருத்திக்கொண்டதா? இல்லை. ஒரு தாயும் தெருவில் நின்ற ஜனங்களும் திருத்த வைத்தார்கள். அரசியலைக் கலக்காதீர்கள் என்கிறவர்களுக்கு இதுதான் பதில். அரசியலைக் கலந்ததால்தான் ஐயா உங்கள் அறிவியல் கொஞ்சமாவது உருப்பட்டது.

பெயர் வைக்கும் அதிகாரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் கோபத்துக்கு எப்போதும் ஒரு நோயின் பெயர் வைத்திருக்கிறார்கள். திமிர் என்பார்கள், குடிவெறி என்பார்கள். நம் துக்கத்துக்கு மட்டும் பெயரே கிடையாது.

கொலராடோவில் நடந்தது இதுதான். ஒரே மருந்து. பணம் கட்டக்கூடியவனின் துக்கம் நோயாகிறது, அவன் சம்மதம் கேட்டு, கையெழுத்து வாங்கி, இசை போட்டு மருந்து தருகிறார்கள். கறுப்பனின் பயம் குற்றமாகிறது, கேட்காமல் ஊசி போட்டு அடக்குகிறார்கள். மருந்தின் மேல் எனக்குப் பகையில்லை. ஊசி யார் கையில் இருக்கிறது, யாரைக் கேட்டுக் குத்துகிறான், காசு யார் தருகிறான், இதைத்தான் கேட்கிறேன்.

5

இப்போது நம்ம தோழருக்கு.

சேரியில எவனுக்கு டிப்ரஷன் என்று கேட்டீர்கள் தோழர். என் கவுண்டருக்கு வாருங்கள். நகைக்கடன் வாங்க வருகிற அம்மாக்களைப் பாருங்கள். ஒரு அம்மா, கூலி வேலை செய்கிறவர், காதில் கிடந்ததைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். எதுக்கும்மா கடன் என்று கேட்டேன். "பையனுக்கு வைத்தியம் சார்." என்ன வைத்தியம்? "தலவலிங்க." கல்லூரியில் படிக்கிற பையன் ஆறு மாசமாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை, யாரோடும் பேசுவதில்லை. அந்தம்மாவுக்கு அதற்கு வார்த்தை தெரியவில்லை. தலவலி என்கிறார். நாம் தமிழில் எத்தனையோ கலைச்சொற்களை உற்பத்தி செய்தோமே, அந்தம்மாவுக்கு ஒரு சொல் கொடுத்தோமா? நான் படிவத்தில் "மருத்துவச் செலவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கவிதை எழுதுகிற கைதான் அதையும் எழுதியது. அந்தப் பையன் எந்த டாக்டரிடம் போகிறான் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2008இல் ஹைதராபாத்தில் செந்தில்குமார். 2016இல் ரோகித் வெமுலா. 2017இல் ஜே.என்.யூ.வில் சேலத்து முத்துக்கிருஷ்ணன். அதே வருடம் அரியலூர் அனிதா. 2023இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தர்ஷன் சோலங்கி. ஒவ்வொரு சாவுக்கும் நாம் போஸ்டர் அடித்தோம், மறியல் செய்தோம். செய்ய வேண்டியதுதான். நிறுவனங்கள் கொன்றன என்றோம். உண்மைதான். ஆனால் சாவதற்கு முந்தின மாதம் இந்தப் பிள்ளைகளில் யாராவது நம் அலுவலகப் படியேறி, "அண்ணே, எனக்கு வாழப் பிடிக்கல" என்று சொல்லியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? தைரியமா இரு தம்பி, படி, போராடு. அவ்வளவுதானே? செத்தபின் போராளி என்கிறோம், உயிரோடிருக்கும்போது கோழை என்கிறோம்.

மருத்துவருக்கும் இதே பெயர்களை வைத்துத்தான் பதில். ரோகித்தை இடைநீக்கம் செய்தார்கள், விடுதியை விட்டு வெளியேற்றினார்கள், ஏழு மாத உதவித்தொகை வராமல் கிடந்தது. இதற்கு எத்தனை மில்லிகிராம் கெட்டமின் போடுவீர்கள்? மருந்து அவனுக்கு ஒரு இரவைக் கடக்க உதவியிருக்கலாம். அந்த ஒரு இரவு விலைமதிப்பில்லாதது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விடிந்ததும் அவன் திரும்பிப் போகிற இடம் அதே பல்கலைக்கழகம். அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக இருந்த ஃபனான் 1956இல் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வெளியேறினார். ஜனங்களைப் பைத்தியமாக்குகிற ஆட்சியின் கீழே உட்கார்ந்து பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று அவருக்குப் பட்டது. நம்ம மருத்துவர் வேலையை விட வேண்டாம். நோயாளியின் சீட்டில் சாதியையும் ஒரு காரணமாக எழுதட்டும். அது போதும்.

இந்தியாவில் கெட்டமின் 2013இலிருந்து கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்து. அரசு ஆஸ்பத்திரி அறுவை அரங்கில் மயக்கம் கொடுக்க அது போதும். நாளை மனச்சோர்வுக்கு இங்கே பரவும்போது கொலராடோ போலத்தான் பரவும், நாம் சும்மா இருந்தால். காசுள்ளவனுக்குத் தனியார் கிளினிக். காசில்லாதவனுக்கு? ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் வெந்தார்கள். மருந்து எட்டாத இடத்துக்குச் சங்கிலிதான் போய்ச் சேரும்.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. உடல் நோய்க்குத் தருவதைப்போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்கிற தோழர்கள் இதையும் படிக்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இருக்கிறாரா, மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்று போய்க் கேட்க வேண்டும். எந்தப் புது மருந்து வந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில், காசில்லாமல், நோயாளியின் சம்மதத்தோடு, போலீஸ் நிழல் படாமல் தரவேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும். ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதியிலும் நம் மாணவர் இருவர், பேசாமல் ஒதுங்குகிற பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். புத்தி சொல்ல அல்ல, கேட்க. தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, சீட்டு வாங்கித் தர, வரிசையில் கூட நிற்க.

அடுத்த கூட்டத்தில் யாராவது மருந்து சாதி பார்ப்பதில்லை என்றால் கைதட்டாதீர்கள். அரோராவில் ஒரு பையன் என்ன எடை இருந்தான் என்று கேளுங்கள். சேரிக்கு டிப்ரஷன் கிடையாது என்று யாராவது சொன்னாலும் கைதட்டாதீர்கள். உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன், வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கக்கூடும்.